சின்ன மாமியே: ஈழத்துப் பொப்பிசைப் பாடலொன்றின் வரலாறு

ஒரு நாட்டின் இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் காப்பியங்களையும் புராணங்களையும் பிரபந்தங்களையும் முதற்கண் நோக்குவர். அவற்றின்பின் நாட்டார் பாடல்களுக்கும் ஓரிடம் அளிப்பர். ஆனால் இளைஞர் கூடியிருந்து கை தட்டிப் பாடும் துள்ளற் பாட்டுக்களை வரலாற்றுக்குரிய பொருளாகக் கொள்வார் மிகச் சிலரே. இன்று பாடி நாளை மறக்கப்படும் பாட்டுக்கு வரலாறும் உண்டோ என வினவுவாருமுளர். வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாறு நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இத்தீவின் கரைகளில் வந்திறங்கிய பல்வேறு மாந்தரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது என்பதும் ஈண்டு எடுத்துக்காட்டப்படும்.

இத்தகைய ஆராய்ச்சிக்கு மேலைநாட்டு உதாரணம் ஒன்று துணை செய்யும். அமெரிக்க நாட்டின் பெருநகரங்களில் 1940களிலும் 1950களிலும் கறுப்பின இளைஞர் நால்வர் ஐவராய்த் தெருமுனைகளில் நின்று பாடும் வழக்கமொன்று தோன்றிற்று. வாத்தியம் வாங்கப் பொருளில்லாத அவர்கள் தம் குரலையே வாத்தியமாக்கினர். ஒருவர் பாட்டைப் பாட, ஏனையோர் பொருளற்ற அசைகளைத் தாளத்தோடு ஒலித்துப் பின்னணி அமைத்தனர். தேவாலயங்களிற் பயின்ற கூட்டிசையே இதற்கு அடிப்படையாகும். அவ்வசைகளின் ஒலிகொண்டே இவ்விசைக்கு ‘டூ-வொப்’ என்னும் பெயர் பிற்காலத்தில் வழங்கலாயிற்று. 1961 ஆம் ஆண்டளவிலேயே அப்பெயர் அச்சேறியது. இசையோ அதற்கு முன்னரே பெருக வாழ்ந்திருந்தது. ‘தன்னானே’ என்றும் ‘தந்தனத்தோம்’ என்றும் பொருளற்ற அசைகளாற் பாட்டைத் தொடங்கும் மரபுடைய தமிழர்க்கு இது வியப்புத் தருவதன்று.

அவ்வகைப் பாட்டுக்களுள் ‘ஏர்த் ஏஞ்சல்’ என்பது பெயர்பெற்றது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே, வீடொன்றின் மோட்டார்க் கொட்டகையில் அமைந்த சிறு ஒலிப்பதிவு நிலையத்தில், ‘பெங்குயின்ஸ்’ என்னும் குழுவினர் பாடிய அப்பாட்டை 1954 இல் ‘டூட்டோன்’ என்னும் சிறு நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. இசைத்தட்டின் பின்பக்கத்துக்கென வைக்கப்பட்ட அப்பாட்டே மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. உடனே வெள்ளையர் குழுவொன்று அதே பாட்டைப் பாடிப் பெரிய நிறுவனமொன்றின் வாயிலாக வெளியிட, பொதுமக்கள் பட்டியலில் அப்பிரதி மூன்றாம் இடம்வரை சென்றது. மூலப் பாடகர் எட்டாம் இடத்தோடு அமைந்தனர். பாட்டை இயற்றியவர் யார் என்னும் வினா நீதிமன்றம்வரை சென்றது. இன்று கேர்ட்டிஸ் வில்லியம்ஸ், ஜெஸ்ஸி பெல்வின், கெய்னல் ஹொட்ஜ் ஆகிய மூவர் பெயரும் அதற்குரியனவாக வழங்குகின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணத்தக்க ஒலிப்பதிவுகளின் 2004 ஆம் ஆண்டுப் பட்டியலில் அதனைச் சேர்த்துக்கொண்டது. கொட்டகையிற் பிறந்த பாட்டு அரை நூற்றாண்டின்பின் தேசியச் செல்வமாயிற்று.

இவ்வரலாற்றிலே மூன்று செய்திகள் கருதத்தக்கன. எளியோர் நாவிற் பிறந்த பாட்டைக் கற்றோர் முதலிற் பொருட்படுத்தவில்லை. பிறர் பாட மூலவர் பெயர் மங்கிற்று. காலஞ்சென்ற பின்னரே அதன் பெறுமதி உணரப்பட்டது. இம்மூன்றையும் ஈழநாட்டிற் காண விழைவோர் யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அவர்களின் ‘சின்ன மாமியே’ என்னும் பாட்டை நோக்குதல் தகும். 1960களின் பிற்பகுதியில் எழுந்து, இலங்கைத் தமிழ்ப் பொப்பிசையின் தொடக்கமாக மதிக்கப்படுவது இப்பாட்டேயாகும். அதனை இயற்றிப் பாடிய கனகரத்தினத்தைத் தமிழ்ப் பொப்பிசையின் தந்தை எனப் பலரும் போற்றுவர்.

இப்பாட்டின் துள்ளல் எங்கிருந்து வந்தது என்பதை அறிய வேண்டின் 1505 ஆம் ஆண்டுவரை பின்னோக்கிச் செல்லல் வேண்டும். அவ்வாண்டிற் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தனர். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர் கைப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றினர். ஆட்சி அகன்றபோதும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை பல. மேசை, கதிரை, அலுமாரி, யன்னல், விறாந்தை, வாங்கு, சப்பாத்து, பாண் என யாழ்ப்பாணத்து வீடுகளில் நாளும் வழங்கும் சொற்களெல்லாம் அவர்தம் மொழியின் வழியே வந்தவை. இவற்றைப் பிறமொழிச் சொற்கள் என்று எண்ணிக் கூசுவார் இன்று எவருமிலர். சொற்கள் வீட்டினுட் புகுந்தவாறே இசையும் புகுந்தது.

போர்த்துக்கேயரும் அவர்பின் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்க மக்களைப் போர்வீரராகவும் ஏவலராகவும் இத்தீவிற்குக் கொணர்ந்தனர். காப்பிரியர் என வழங்கப்பட்ட அம்மக்களின் வழித்தோன்றல்கள் புத்தளப் பகுதியில் சிறம்பியடி என்னும் ஊரில் இன்றும் வாழ்கின்றனர். ‘மஞ்ஞா’ என்னும் பெயரால் அவர்கள் பாடும் பாட்டுக்கள் போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் அமைந்தவை. தன் தாய்நிலத்தை மறந்த ஒரு கூட்டம் பாட்டை மாத்திரம் மறவாது காத்தமை எண்ணத்தக்கது. மட்டக்களப்பிலே தமிழரோடு அயலவராய் வாழும் பறங்கியரும் அக்கலப்பு மொழியையும் அதன் ஆடற்பாட்டுக்களையும் நெடுங்காலம் பேணினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கில அரசின் உத்தியோகத்தராயிருந்த ஹியூ நெவில் என்பார் திரட்டிய ஏட்டுச் சுவடிகளோடு இத்தகைய பாட்டுக்களைக் கொண்ட கையெழுத்துப் பிரதியொன்றும் இலண்டன் சென்று சேர்ந்தது. 1900 இல் தல்காதோ என்னும் கோவை நாட்டுக் குருவானவர் இலங்கைப் போர்த்துக்கேயக் கலப்பு மொழியைப் பற்றித் தனிநூலொன்றை வெளியிட்டார். ஆகவே இப்பாட்டுக்களை ஆராய்தல் அறிஞர்க்குப் புதிய தொழிலன்று.

காப்பிரியர் ஆட்டத்தினின்றும் தோன்றியதே ‘கபிரிஞ்ஞா’. அதனோடு ஒட்டிப் பிறந்தது ‘பைலா’. பைலா என்பது ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் அடியாகப் பிறந்தது. ஓரடியில் மும்மூன்றாய் இருமுறை துள்ளிவரும் ஆறு எண்ணிக்கைத் தாளமே அதன் உயிர்நிலை. கருநாடக இசை பயின்றோர் இதனைத் திசிர நடை என்பர். கும்மியும் காவடிச் சிந்தும் பெரும்பாலும் இந்நடையிலேயே இயல்கின்றன. கோயில் முன்றிலிற் காவடி ஆடிய கால்களுக்குப் பைலாவின் தாளம் முற்றும் அந்நியமாகத் தோன்றாமைக்கு இதுவே காரணம் எனலாம். வந்த இசைக்கு இருந்த இசை இடங்கொடுத்தது.

நெடுங்காலம் பறங்கியர் வீட்டு விழாக்களில் அடங்கியிருந்த இவ்விசையை 1940களில் சிங்கள மொழியிற் பாடிப் பொதுமக்களுக்கு உரியதாக்கியவர் வொலி பஸ்தியான் என்பார். காவற்றுறையிற் பணியாற்றிய அவர் கபிரிஞ்ஞாவின் தாளத்திற்குச் சிங்களச் சொற்களை அமைத்தார். பாடகர் இருவர் எதிரெதிர் நின்று, கொடுத்த பொருளில் அவ்விடத்திலேயே பாட்டுக்கட்டி வாதிடும் ‘வாதப் பைலா’ என்னும் போட்டியும் அவர் காலத்திலே வளர்ந்தது. ஆசுகவி பாடுதலையும் எதிர்ப்பாட்டுப் பாடுதலையும் அறிந்த தமிழர்க்கு இதன் சுவை எளிதில் விளங்கும். அவர்பின் எம். எஸ். பெர்னாண்டோ பைலாவைத் தீவெங்கும் பரப்பினார்.

பாட்டைப் பரப்பிய கருவி வானொலி. கொழும்பு வானொலி 1925 டிசெம்பரில் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய ஒலிபரப்பு நிலையங்களுள் அஃதொன்று. 1949 இல் அது இலங்கை வானொலி என்னும் பெயர்பெற்றது. 1950 இல் அதன் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அவ்வொலிபரப்பின் முதற் றமிழ் அறிவிப்பாளரான எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் வீடுதோறும் கேட்டது. தமிழகத்துத் திரைப்பாடல்களைத் தமிழகத்தார்க்கே நாள்தோறும் ஒலிபரப்பிய பெருமை இலங்கை வானொலிக்கு உண்டு. ஆயினும் இப்பெருமையுள் ஒரு குறையும் மறைந்து கிடந்தது. பிறர் பாட்டைப் பரப்பிய நிலையத்தில் ஈழத்தவர் தம் பாட்டுக்கு இருந்த இடம் சிறிது. அக்குறையை நீக்க எழுந்த முயற்சியே ஈழத்து மெல்லிசை. எஸ். கே. பரராஜசிங்கம் முதலானோர் ஈழத்துக் கவிஞரின் பாட்டுக்களுக்கு இசைவடிவம் தந்து அத்துறையை வளர்த்தனர்.

இதே காலத்தில் மேலைக் கடற்காற்றும் வீசிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் ‘கலிப்சோ’ என்னும் பாட்டுவகையை ஹரி பெலபொன்ரே 1956 இல் வெளியிட்ட இசைத்தட்டு உலகெங்கும் பரப்பியது. கொழும்பிலும் கிற்றாரேந்திய இளைஞர் குழுக்கள் அப்பாணியில் எழுந்தன. 1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தன, அனஸ்லி மாலேவன ஆகியோரின் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழு சிங்களப் பொப்பிசைக்கு வழிதிறந்தது. அக்குழுவின் புகழைத் தொடக்கிய ‘மெங்கோ கலு நெந்தே’ என்னும் பாட்டும் ஒரு ‘நெந்தா’வை விளித்தே அமைந்தது. தமிழில் மாமி என வழங்கும் உறவே சிங்களத்தில் நெந்தா எனப்படும். சிங்களப் பொப்பிசையும் தமிழ்ப் பொப்பிசையும் தத்தம் தொடக்கத்திலே ஒரு மாமியை அழைத்துக்கொண்டு வந்தமை ஒருவரை ஒருவர் பின்பற்றியதன் விளைவு என்று கொள்ள வேண்டுவதில்லை. மாமன் மாமி மக்களை மணஞ்செய்யும் உறவுமுறை இரு சமூகத்தாருக்கும் பொதுவாயிருந்தமையால், கேலிக்கும் காதலுக்கும் உரிய விளி இரு மொழியிலும் ஒன்றாகவே அமைந்தது.

இனி, இப்பாட்டு எழுந்த யாழ்ப்பாணத்தின் இசைச்சூழலை நோக்குதல் வேண்டும். மானிப்பாய்க்கு அயலிலுள்ள இணுவிலும் அளவெட்டியும் நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பெயர்பெற்ற ஊர்கள். இணுவில் விசுவலிங்கத்தின் மைந்தர் தட்சிணாமூர்த்தியின் தவிலைத் தமிழகத்து வித்துவான்களும் வியந்து போற்றினர். மருதடி விநாயகர் ஆலயம் முதலான கோயில்களின் திருவிழாக்களிலே மேளக்கச்சேரி கேட்பதற்கு ஊரே திரண்டிருக்கும். காங்கேசன்துறை வைரமுத்துவின் இசைநாடகங்கள் விடிய விடிய நடைபெறும். இவற்றின் நடுவே கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடிப்பாடும் இளைஞனை மூத்தோர் எவ்வாறு நோக்கியிருப்பர் என்பதை ஊகித்தல் அரிதன்று. சின்னமேளத்தையே கோயில் வீதியினின்றும் அகற்ற வேண்டுமென நெடுநாள் வாதிட்ட சமூகம் அது. பைலா என்ற சொல்லே மதுவையும் கூத்தையும் நினைவூட்டும் இழிசொல்லாகப் பலர் செவியில் ஒலித்தது. இத்தடையைத் தாண்டிய பாட்டு எத்தகையது என்பதே அறியத்தக்கது.

‘சின்ன மாமியே’ என்னும் பாட்டின் பொருள் மிக எளிது. இளைஞன் ஒருவன் தன் சின்ன மாமியிடம் அவளுடைய மகள் எங்கே என வினவுகின்றான். பள்ளிக்கூடம் போயினளோ என்கின்றான். மாமியும் அவனை மருமகனென விளித்து மறுமொழி கூறுகின்றாள். அவ்வளவே. எனினும் இவ்வுரையாடலின் நயம் முழுதும் உறவுச் சொற்களிலே தங்கியிருக்கின்றது. யாழ்ப்பாணத்திலே தந்தையின் உடன்பிறந்தாளும் மாமி. தாய்மாமனின் மனைவியும் மாமி. மனைவியைப் பெற்றவளும் மாமியே. ஆகவே ‘மாமி’ என்று ஒருவன் அழைக்கும்போதே அவள் மகள்மீது தனக்குள்ள முறையையும் உடன் அறிவித்துவிடுகின்றான். ‘மருமகன்’ என்னும் மறுமொழியிலும் அவ்வாறே இருபொருள் உண்டு. உறவினன் என்றும் கொள்ளலாம். மகளை மணக்கவுள்ளவன் என்றும் கொள்ளலாம். கேட்பவன் உரிமையோடு கேட்கின்றானா, குறும்பாகக் கேட்கின்றானா என்பது தெளிவாகாதவாறு பாட்டு நடக்கின்றது. ஆங்கிலத்தில் இதனை மொழிபெயர்க்க முயல்வோர்க்கு இந்நயம் கைகூடாது.

சங்கத்து அகப்பாடல்களோடு ஒப்பிடுமிடத்து இதன் புதுமை நன்கு விளங்கும். அகத்திணையிலே தலைவன் தன் குறையைத் தோழியிடம் இரந்து நிற்பான். தாயோ அஞ்சத்தக்கவள், ஐயுற்ற விடத்து மகளை வீட்டினுள்ளே காவலில் வைப்பவள். அக்காவலை இற்செறிப்பு என்பர். அவள் அறியாதவாறு களவு நிகழ்வதே மரபு. இப்பாட்டிலோ இளைஞன் தோழியை நாடவில்லை. அன்னையிடமே நேரிற் சென்று கேட்கின்றான். அவளும் சினவாது விடையளிக்கின்றாள். மரபைத் தலைகீழாக்கிய இச்செயலே நகைச்சுவைக்குக் காரணமாயிற்று.

மற்றொன்று இதனினும் முக்கியமானது. அகப்பாட்டின் தலைவி இல்லத்திற் செறிக்கப்பட்டவள். இப்பாட்டின் பெண் பள்ளிக்குச் சென்றவள். இவ்வேறுபாடு ஒருநாளில் உண்டானதன்று. 1824 இல் அமெரிக்க மிசனரிமார் மானிப்பாய்க்கு அண்மையிலுள்ள உடுவிலிலே பெண்களுக்கென உறைவிடப் பாடசாலையை நிறுவியபோது, பெண்மக்களை அங்கு விடப் பெற்றோர் தயங்கினர். 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி அமைத்தார். 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் ஊர்தோறும் பெண்கள் கல்வி கற்கப் புறப்பட்டனர். தாயொருத்தி தன் மகள் பள்ளிக்குப் போயினாள் என்பதைச் சாதாரணச் செய்தியாகக் கூறும் நிலை இவ்வளவு உழைப்பின்பின்னரே வாய்த்தது. நூறாண்டுகளுக்கு முன் இப்பாட்டு எழுந்திருக்க முடியாது. விளையாட்டாகப் பாடப்பட்ட பாட்டொன்று, சமூகத்தின் பெருமாற்றம் ஒன்றைத் தானறியாமலே பதிந்து வைத்திருக்கின்றது. சட்டங்களும் அறிக்கைகளும் பாடசாலைகளின் தொகையைக் கூறும். பெண் கல்வி வீட்டுப் பேச்சிலே கலந்துவிட்டதென்பதை இத்தகைய பாட்டே கூறும்.

கனகரத்தினத்தின் மற்றொரு புகழ்பெற்ற பாட்டு ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்பது. கள்ளின் கேட்டை விலக்குமாறு இரந்து வேண்டுவதாக அஃது அமைந்துள்ளது. கள்ளுண்ணாமையைத் திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தால் வற்புறுத்தினார். கோயிற் பிரசங்கிகளும் மதுவிலக்குச் சபையாரும் மேடைகளிலே வற்புறுத்தினர். அதே கருத்தைப் பைலாவின் துள்ளலிலே அமைத்தமை ஒரு விநோதமாகும். யாழ்ப்பாணத்தார் கள்ளுக்கடையைத் ‘தவறணை’ என்பர். அச்சொல்லும் போர்த்துக்கேயர் தந்ததே. குடியையும் கூத்தையும் வளர்ப்பதென்று பழிக்கப்பட்ட இசையே குடியை விலக்கும் பணியை மேற்கொண்டது. இதனால் அவ்விசையைக் கடிந்த மூத்தோரும் இப்பாட்டைக் கடிய இயலாதவராயினர்.

1970 இல் ஆட்சிக்கு வந்த அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவும் குறுகிற்று. விலையேற்றத்தாலும் தட்டுப்பாட்டாலும் மக்கள் இடர்ப்பட்டனர் என்பது உண்மையே. ஆயினும் உள்ளூர் எழுத்துக்கும் இசைக்கும் படத்துக்கும் அக்காலம் ஒருவாறு இடமளித்தது. வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டு யாழ்ப்பாணத்துக் கமக்காரர் வளம்பெற்ற அவ்வாண்டுகளிலேயே பொப்பிசைக் குழுக்களும் மேடைதோறும் பாடின. அவ்வாறு புகழ்பெற்றோருள் ஏ. ஈ. மனோகரன் தலைசிறந்தவர். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978 இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ என்னும் ஈழத்துத் திரைப்படத்திலும் அவர் நடித்தார்.

மனோகரனின் பெயரோடு என்றும் இணைந்திருப்பது ‘சுராங்கனி’ என்னும் பாட்டு. சுராங்கனி என்பாளுக்கு மீன் கொண்டுவந்திருப்பதாகக் கூறும் சிங்களப் பல்லவியும் அதனைத் தொடரும் தமிழ்ச் சொற்களுமாக அது விளங்குகின்றது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியபின் மொழியே பகைக்குக் காரணமாகிய நாட்டில், இருமொழியையும் ஒரே பாட்டிற் கலந்து பாடினார் ஒருவர். இருமொழியாளரும் அதற்குக் கை தட்டினர். அப்பாட்டுக் கடல் கடந்து இந்தியாவிலும் பரவிற்று. 1977 இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழ்த் திரைப்படத்திலே இளையராஜாவின் இசையமைப்பில் அஃது இடம்பெற்றது. தமிழகத்தார் பாடகரைச் ‘சிலோன் மனோகர்’ என்று ஊர்ப்பெயர் சேர்த்து அழைத்தனர். பொருள் அறியாதவரும் பல்லவியைப் பாடினர். மனோகரன் 2018 ஜனவரியிற் சென்னையிற் காலமானார்.

பாட்டு எவ்வளவு தூரம் செல்கின்றதோ அவ்வளவுக்கு அதன் பிறப்பிடம் மறக்கப்படுகின்றது. ‘சின்ன மாமியே’ என்னும் பாட்டை மனோகரனும் பாடிப் பரப்பினார். ஆதலால் அதனை இயற்றியவரும் அவரே எனக் கருதுவார் இந்தியாவிலும் ஈழத்திலும் உளர். இதில் மனோகரன்மேல் ஏற்றத்தக்க குற்றம் யாதுமில்லை. பாடுவோன் பாட்டைத் தன்னதாக்கிப் பாடுதலே மேடையின் இயல்பு. குறை, எழுதி வையாத சமூகத்தினதேயாகும். பெங்குயின்ஸ் குழுவினரின் பாட்டைப் பிறர் பாடிப் பெருங்கீர்த்தி பெற்றபோது உரிமையை நிறுவ நீதிமன்றமும் ஒப்பந்தப் பத்திரமும் இருந்தன. ஈழத்துப் பாட்டுக்கோ பாடியவர் நினைவும் கேட்டவர் நினைவுமே பெரும்பாலும் சான்றாயின. நினைவு ஒரு தலைமுறையோடு தேய்வது.

அத்தலைமுறையும் ஓரிடத்தில் வாழக் கொடுத்துவைக்கவில்லை. ‘சுராங்கனி’ தமிழகத் திரையில் ஒலித்த 1977 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் இனக்கலவரம் மூண்டது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் சுவடிகளும் ஓரிரவிற் சாம்பலாயின. 1983 ஆடிக் கலவரத்தின்பின் மக்கள் திசைதோறும் சிதறினர். அதன்பின் ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் போர் நீடித்தது. இடம்பெயர்ந்தோர் காணி உறுதியையும் கல்விச் சான்றிதழையும் எடுத்துச் செல்ல முயன்றனரேயன்றி, இசைத்தட்டுக்களையோ மேடை நிகழ்ச்சித் துண்டுப் பிரசுரங்களையோ காவிச் செல்லவில்லை. அவ்வாறு செல்லுதல் இயலக்கூடியதுமன்று. கனகரத்தினமும் ஆஸ்திரேலியாவிற் குடியேறினார். இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் நடைபெறும் கலியாண வீடுகளிலே ‘சின்ன மாமியே’ ஒலிக்கக் கேட்கலாம். அங்கு ஆடும் சிறுவர் பலர்க்கு மாமி என்னும் சொல் எல்லாப் பெண்களையும் குறிக்கும் ஆங்கில விளியின் தமிழ் வடிவமாகிவிட்டது. உறவுமுறை மறைய, பாட்டின் நயமும் விளங்காதொழிகின்றது. பாட்டு வாழ்கின்றது, அதன் பொருள் மெலிகின்றது.

இவ்வகைப் பாட்டுக்களை ஆராய்தல் கல்லூரிகளுக்கு ஏற்குமோ எனச் சிலர் ஐயுறலாம். கருநாடக இசையோடும் பண்ணோடும் இவற்றைச் சமமாக வைக்குமாறு எவரும் கேட்கவில்லை. தட்சிணாமூர்த்தியின் தவிலுக்குரிய ஆசனம் கிற்றாருக்கு வேண்டியதில்லை. ஆயினும் உயர்ந்தது ஒன்று உண்டென்பதனால் எளியது மறக்கப்படல் வேண்டுமென்பது நெறியன்று. மானிப்பாயை அடுத்த நவாலியூரில் வாழ்ந்த சோமசுந்தரப் புலவர் தலபுராணமும் பிரபந்தங்களும் பாடத்தக்க புலமையுடையவர். ஆடிப்பிறப்பு நாளின் கூழையும் கொழுக்கட்டையையும் சிறுவர்க்கு ஏற்ற எளிய சொல்லில் அவர் பாடிய பாட்டே இன்று வீடுதோறும் வாழ்கின்றது. எளிமை புலமைக்குக் குறைவன்று என்பதற்கு இவ்வூர்ப் பகுதியே சான்று.

மேலும், இப்பாட்டுக்களைத் தூயதல்லாத கலப்பு என்று ஒதுக்குவோர் அக்கலப்பின் வரலாற்றை எண்ணல் வேண்டும். ஆபிரிக்க அடிமையின் காற்றாளம், போர்த்துக்கேயரின் சொல், பறங்கியரின் வயலின், சிங்களரின் வாதப் பைலா, மேற்கிந்தியரின் கிற்றார் ஒலி, தமிழரின் உறவுமுறை ஆகிய அனைத்தும் சில நிமிடங்களிற் பாடி முடியும் பாட்டொன்றில் வந்து கூடின. அமெரிக்கத் தெருமுனைகளிற் பாடிய இளைஞரும் யாழ்ப்பாணத்து மேடைகளிற் பாடிய இளைஞரும் ஒருவரை ஒருவர் அறியார். எனினும் இருவர் பாட்டுக்கும் ஆபிரிக்கக் கரையினின்று கப்பலேற்றப்பட்ட மக்களின் தாளம் வேராயிருந்தது. இத்தகைய வரலாற்றுச் சான்றைக் கல்வெட்டிலே கண்டால் போற்றுவோர், பாட்டிலே கண்டால் புறக்கணித்தல் பொருந்தாது.

இன்று செய்யக்கூடிய பணி பெரிதன்று. காலந்தாழ்த்தினால் முடியாத பணி. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மேடையேறிய பாடகரும் வாத்தியக்காரரும் சிலர் இன்றும் உளர். எந்தப் பாட்டை யார் இயற்றினார், எவ்வூர் மேடையில் முதலிற் பாடினார், உடன் வாசித்தவர் யாவர், இசைத்தட்டு எங்கே பதிவாயிற்று என்பனவற்றை அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். வீடுகளின் மூலையிற் கிடக்கும் பழைய இசைத்தட்டுக்களையும் ஒலிநாடாக்களையும் திரட்டிப் புதிய முறையிற் பதிவுசெய்தல் வேண்டும். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராய்த் திரிந்த தாமோதரம்பிள்ளை பிறந்த நாட்டிலே இம்முயற்சிக்கு முன்மாதிரி இல்லையென்று கூற முடியாது. கல்லூரி மாணவர் விடுமுறை நாட்களில் தத்தம் ஊரிலேயே இதனைத் தொடங்கலாம். முதற்பக்கத்தில் எழுதவேண்டிய பெயர் உரும்பிராய் நித்தி கனகரத்தினம் என்பதாகும்.